பொட்டு வைத்த உயரம்

ஏழாவது கேள்விக்கு ஆதிகேசவன் யோசிக்கவே இல்லை. முதல் ஆறு கேள்விகளுக்குத்தான் நேரம் பிடித்தது. வீடு எந்த வருஷம் கட்டியது, சுவர் செங்கல்லா வேறு கல்லா, கூரை தளமா ஷீட்டா, வீட்டுக்குள் வியாபாரம் ஏதும் நடக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் பீரோவில் இருந்த பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, அடுப்படிப் பக்கம் ஒரு குரல் கொடுத்து தேவயானியிடம் கேட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து நிதானமாக எழுதினான். ஏழாவது கேள்வி, கடந்த பத்து ஆண்டுகளில் இந்த வீட்டினுள் வெள்ளநீர் புகுந்துள்ளதா என்று இருந்தது. சிரித்தபடியே ‘இல்லை’ என்ற கட்டத்துக்குள் டிக் அடித்தான்.

“மலையடியில கீறோம் சார். நம்மள தாண்டி தண்ணி எங்க வரப்போவுது?”

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பரந்தாமன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் எது சொன்னாலும் மனுவில் வந்த குறையைக் கேட்பது மாதிரியே கேட்டுக்கொள்வார்.

“அப்ப எதுக்கு சார் வெள்ளத்துக்குன்னு தேடிப் புடிச்சு பாலிசி கேக்கறீங்க? ஊர்ல அவனவன் நான் தொரத்தினாலும் ஓடறான். நீங்களா போன் பண்ணி வரச் சொல்றீங்க.”

ஆதிகேசவன் மஸ்கட் கதையைச் சொன்னான். பதினோரு வருஷம் அங்கே ஏ.சி. மெக்கானிக். கடைசி ஐந்து வருஷம் லீவில்கூட ஊருக்கு வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்புதான் கணக்கு முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். போன வருஷம் சித்திரையில், அவன் தங்கியிருந்த கேம்ப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த வறண்ட பள்ளம் ஒரே மதியத்தில் ஆறாகிவிட்டது. பத்து வருஷமாக அதில் ஆட்டு மந்தையையும் கிரிக்கெட் ஆடுகிறவர்களையும்தான் பார்த்திருந்தான். இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று பார்க்கும்போது ஒரு பிக்கப் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்து வந்தது. உள்ளே ஆள் இருந்தான். ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தான். வண்டி மின்கம்பத்தில் மோதித் திரும்பிய பிறகும் அந்த ஹார்ன் சத்தம் நிற்கவில்லை. அன்று ராத்திரி தேவயானிக்குப் போன் பண்ணினான். தண்ணின்னா இன்னான்னு உனக்குத் தெரியாது தேவா, டிவியில பாக்கறது வேற, என்று அழுதான். அவள், ஆங், சொல்லு, ஆங், என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அதுலேர்ந்து பயம் சார். மனுசன் கட்டின வூடு, ஒரு மத்தியானத்துல போயிடும்னு நேருல பாத்துட்டேன்.”

தேவயானி டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைத்த பிறகும் அவள் உள்ளே போகவில்லை. ஃபாரத்தின் மேல் அவள் பார்வை நின்றிருந்ததை அவன் கவனித்தான். பணம் போகிறதே என்று நினைக்கிறாள் என எண்ணிக்கொண்டான்.

பரந்தாமன் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கட்டடத்துக்கு மட்டும். சுவரும் தளமும் கதவும் ஜன்னலும் அதில் அடங்கும். மற்றது உள்ளே இருக்கும் சாமான்களையும் சேர்த்தது. எது வேண்டும் என்று கேட்டார். ஆதிகேசவனுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. அவனுக்கு வீடு என்றால் சுவரில்லை. ஒவ்வொரு சாமானும் அவன் அனுப்பிய ஒவ்வொரு மாதம். வாசற்கதவு தேக்கு, ஒரு முழு கோடையில் மஸ்கட் மொட்டைமாடிகளில் அவுட்டோர் யூனிட் கழுவியது. சோபா ஒரு ரம்ஜான் மாதத்தின் ஓவர் டைம். இந்தச் சாமான்களைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தான். வந்து தொட்டபோது அவை போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன. அது எல்லாருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டான்.

“சாமான் சேக்கறதுன்னா ரூம் ரூமா போட்டோ எடுக்கணும் சார். ஆபீஸ்ல கேப்பாங்க.”

கூடத்தில் ஆரம்பித்தார்கள். கூடத்துச் சுவர் கீழ்ப்பாதி காப்பிக்கொட்டை நிறம், மேல்பாதி வெளிர் மஞ்சள். இரண்டும் சேரும் கோட்டின்மேல், கையகலத்துக்கு ஒன்றாக, மஞ்சள் குங்குமப் பொட்டுகள் வரிசையாகப் போயின. கூடத்தைச் சுற்றி, வாசற்காலைத் தாண்டி, அறைக்குள் நுழைந்து, பீரோவுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி வெளியே வந்து அடுப்படிக்குள் போயின. வெள்ளிக்கிழமை தோறும் தேவயானி குளித்துவிட்டு ஈரத் தலையோடு அதை வைப்பாள். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். மோதிர விரலால் அவனும் பத்துப் பதினைந்து பொட்டு வைத்தான். சுவர் ஒரு பெண்ணாகி நெற்றி காட்டி நிற்பது போல் இருந்தது. மஸ்கட்டில் பதினோரு வருஷம் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் படுத்தவனுக்கு, இப்படி ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்ததே போதும் என்றிருந்தது.

பரந்தாமன் போட்டோ எடுத்துக்கொண்டே போய், அறை வாசலில் நின்றார்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? இந்தத் தெருவுல நாலு வூடு பாத்துட்டேன். நாலுலயும் இதே பொட்டு. எங்க பக்கம் வாசப்படியில வைப்பாங்க, நடுச்சுவத்துல வெச்சு நான் பாத்ததில்ல. எதிர் வூட்டு ஜெயம்மாள் அம்மா கிட்ட கேட்டேன். வந்தவ ஏறி நின்ன எடத்துல வைக்கறதுன்னாங்க. அதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிதுன்னு உள்ள போயிட்டாங்க.” கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார். “யாரு சார் வந்தது?”

ஆதிகேசவனுக்கும் தெரியவில்லை. அம்மன் சமாச்சாரம் என்றுதான் தேவயானி அவனிடம் சொல்லியிருந்தாள். திரும்பி அவளைப் பார்த்தான். காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே இருந்தாள்.

“தண்ணி” என்றாள்.

அவன் முதலில் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை. “எந்தத் தண்ணி?” என்றான். அவள் நிமிர்ந்தாள். முகத்தில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். இல்லை. கனமான எதையோ நாலு வருஷம் இடுப்பில் வைத்திருந்து இறக்கியவளின் களைப்புதான் இருந்தது.

பரந்தாமன் இரண்டு பேரையும் பார்த்தார். தாலுகா ஆபீஸ் அவருக்கு எப்போது எழுந்து போக வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்திருந்தது. “மொட்ட மாடியும் ஒரு போட்டோ வேணும். எடுத்துகினு வந்துடறேன்” என்று படியேறினார்.

“நீங்க விசா மாத்திகினு இருந்தீங்களே, அந்த ஐப்பசி” என்று ஆரம்பித்தாள். ஏஜெண்டின் செருப்புச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் பேச்சு தானாக மாறியது. “நாலு நாள் அடமழை. வெள்ளிக்கிழம விடியக்கால ஏரிக்கர உட்டுடுச்சு. தூங்கிகினு கீறோம், பாய் நனையுது. பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டான்னு நெனச்சு அடிச்சிட்டேன் அத. அப்புறம் பாத்தா செருப்பு மெதக்குது.”

“எவ்ளோ வந்துது?”

அவள் சுவரைக் காட்டினாள்.

அவன் சுவருக்கு அருகே போய் நின்றான். பொட்டு அவன் மார்புக்கு வந்தது. பையிலிருந்த டேப்பை எடுத்தான். எட்டு மாதமாகியும் தொழில் டேப் அவன் பேண்ட் பையிலிருந்து போகவில்லை. தரையில் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தான். நாலடி இரண்டங்குலம். அறைக்குள் போய் அளந்தான். நாலடி இரண்டங்குலம். அடுப்படி, நாலடி இரண்டங்குலம். கையால் வைத்த பொட்டு எந்த மேஸ்திரியும் பிடிக்காத மட்டத்தில் வீடு முழுக்க ஓடியது. தண்ணீர் பிடித்த மட்டம்.

அதன் பிறகு வீடு அவனிடம் பேச ஆரம்பித்தது. அவன் நிறுத்தினாலும் நிற்காமல் பேசியது. பிளக் பாயிண்டுகள் எல்லாம் ஐந்தடிக்கு மேலே இருந்தன. வந்த அன்றே, எவன்டா இவ்ளோ உயரத்துல வெச்சான் என்று கேட்டிருந்தான். பாப்பா கைய உட்டுடுவா என்றாள் அவள். பாப்பாவுக்கு அப்போது பத்து வயது. ஃபிரிட்ஜ் ஒரு சிமெண்ட் மேடைமேல் நின்றது. கீழ உக்காந்து எடுக்க முட்டி வலிக்குது என்றாள். அரிசி மூட்டை பரண்மேல் இருந்தது. எலி என்றாள். பீரோவின் அடித்தட்டு ஊறி உப்பியிருந்தது. கரையான் என்றாள். கூடத்து ஜன்னல்களில் ஒன்றின் கம்பி மட்டும் வேறு டிசைன். அத பாக்காத விட்டுட்டான் வெல்டர் என்றாள். ஒவ்வொன்றையும் அவன் கேட்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. பதில்கள் தனித்தனியாக இருந்தபோது வீடாக இருந்தது, இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒரு படகு மாதிரி, யாரோ ஒருத்தி பயத்தோடு ஒட்டி ஒட்டிக் கட்டிய படகு மாதிரி, அவனைச் சுற்றி நின்றது.

“சோபா?”

“அது ரெண்டாவது சோபா.”

“ஃபிரிட்ஜு?”

“ரெண்டாவது. மொதல்ல வாங்கினது மல்லாக்க மெதந்து போய் கதவாண்ட கெடந்துது. அதான் கதவு தொறக்கல. கதவும் ஊறிப் புடிச்சிகிச்சு. தேக்கு வேற, கனம்.” அவன் கதவைப் பற்றி அவள் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். “வெளியே படியேறிட்டா மொட்ட மாடிக்குப் போயிருக்கலாம். தொறந்தா தானே. பாப்பாவத் தூக்கி பரண்ல போட்டுட்டு நானும் ஏறிகினேன். மழ உட்டு வெயில் வந்துடுச்சு, தண்ணிதான் எறங்கல. மூணு மணிக்கு மேல விஜயன் வந்து ஜன்னக் கம்பிய அறுத்து எறக்கினான்.”

விஜயன் அவளுடைய தம்பி. வந்த நாளிலிருந்து அக்கா புருஷனைப் பாவா, பாவா என்று பின்னாலேயே சுற்றுகிறவன். போன வாரம்கூட ஆதிகேசவனின் புதுக் கடைக்கு வயரிங் செய்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். ஆதிகேசவன் தெருவை நினைத்தான். ஜெயம்மாள், டீக்கடை மணவாளன், பால் ஊற்றுகிறவர். வந்த அன்று மாலை போடாத குறையாக அவனைச் சுற்றி நின்றவர்கள். எத்தனை பேர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒரு தெரு முழுக்க அவன் எதிரே வரும்போதெல்லாம் தண்ணீரைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

“எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

“நீ அங்க கீற. சொன்னா இன்னா பண்ணியிருப்ப? டிக்கெட்ட போட்டுகினு ஓடியாந்திருப்ப. விசா போயிருக்கும். வூடும் போயி விசாவும் போயி, அப்புறம் எதப் புடிச்சிகினு நிக்கறது?” குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு இறங்கியது. “மொத நாள் சொல்லல. ரெண்டாவது நாள் சொல்லல. பத்து நாள் கழிச்சு சொன்னா, ஏன் மொத நாளே சொல்லலன்னு கேப்பியேன்னு சொல்லல. அப்படியே போயிடுச்சு.”

அவனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. விசா மாற்றிய ஐப்பசி. வெள்ளிக்கிழமை. அங்கே வாரலீவு. லீவு நாள் காலையில் எழுந்ததும் அவன் முதலில் செய்வது இமோ வீடியோவில் வீட்டைக் கூப்பிடுவது.

“நான் அன்னிக்குப் போன் பண்ணினனா?”

அவள் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

“தேவா. பண்ணினனா?”

“பண்ணின.”

“எங்கேர்ந்து பேசின?”

அவள் அண்ணாந்து பரணைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவன் அந்தப் பேச்சை நினைவுபடுத்த முயன்றான். வந்தது. ஒவ்வொன்றாக, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது. வாசல் கேட்டுக்கு என்ன கலர் அடிப்பது என்று அன்று பேசினான். அவள் சிவப்பு என்று முன்பு சொல்லியிருந்தாள். மயில் கழுத்து நீலம்தான் அடிக்கணும், முருகன் ஊர்ல இருந்துகினு சிவப்பு இன்னாத்துக்கு என்று சண்டை பிடித்தான். சரி, நீலமே அடிக்கலாம் என்று அவள் உடனே ஒத்துக்கொண்டதில் அவனுக்கு ஆச்சரியம்கூட. கேம்ப் சமையல்காரன் சாம்பாரில் சர்க்கரை போட்டதைச் சொல்லிச் சிரித்தான். கதவு எப்படி இருக்கு, காட்டு என்றான். அவள் கேமராவைத் திருப்பிக் கதவின் மேல்பாதியைக் காட்டினாள். மாவிலைத் தோரணம் தெரிந்தது. முழுசா காட்டுடி என்றதற்கு, துடைக்காத கெடக்குது, அசிங்கமா இருக்கும் என்றாள்.

“பதினேழு நிமிசம் பேசின” என்றாள் தேவயானி. இப்போது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. “கரண்டு போயி செல்லுல கொஞ்சம்தான் சார்ஜு. விஜயனுக்குப் போடலாம்னு நம்பர எடுக்கறேன், உன் போனு வருது. எடுக்கலன்னா நீ ஊரையே கூப்புடுவ. எடுத்தேன். உன் கேட்டு கலர பேசி முடிக்கறதுக்குள்ள செல்லு செத்துடுச்சு.”

அவன் சோபாவில் உட்கார்ந்தான். இரண்டாவது சோபாவில். பிக்கப் வண்டிக்காரனின் ஹார்ன் அவன் காதில் எங்கோ தூரத்தில் ஒலிக்கத் தொடங்கியது. தண்ணின்னா இன்னான்னு உனக்குத் தெரியாது என்று யாரிடம் அழுதோம் என்று நினைத்தான். அவள் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்ட குரல் நினைவுக்கு வந்தது.

வாசலில் கேட் திறக்கும் சத்தம். பாப்பா நிர்மலா பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாள். அப்பா கையில் இன்னும் சுருட்டாத டேப்பைப் பார்த்தாள். டேப்பின் மஞ்சள் நாக்கு பொட்டு வரைக்கும் நீண்டு சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாள். பையை இறக்காமல் அம்மாவிடம் கேட்டாள்.

“நைனாக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“ஆங்.”

“சொன்னா மறுபடி தண்ணி வரும்னு சொன்னியே.”

“வராது, போ. மொகம் கழுவு.”

அவள் போகவில்லை. அப்பாவிடம் வந்து, அவனுக்கு இதையும் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்பது போல, சின்னக் குரலில் சொன்னாள்: “நான் அன்னிக்கு நைனா நைனான்னு கத்தினேன். அம்மா என் வாயப் பொத்திகினு உன்கிட்ட பேசிச்சு.”

மொட்டை மாடியிலிருந்து செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. பரந்தாமன் வந்து, யாரையும் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து ஃபாரத்தை இழுத்துக்கொண்டார். ஏழாவது கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

“சார், நான் ஒண்ணும் காதுல வாங்கல. ஆனா உள்ளதச் சொல்லிடறேன். இல்லைன்னு போட்டு அனுப்பினா பாலிசி வந்துடும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மொதல்ல இந்தக் கேள்வியத்தான் எடுப்பாங்க. பொய்யின்னு தெரிஞ்சா ஒத்தப் பைசா தர மாட்டாங்க. ஆமான்னு போட்டா, ஆளு வந்து பாக்கும். கட்ட வேண்டியது ஏறும். வேணாம்னே சொன்னாலும் சொல்லுவாங்க. உங்க கையெழுத்து. கீழ பாருங்க, மேலே கூறியவை அனைத்தும் உண்மைன்னு போட்டுக்கீது.” பேனாவை அவன் பக்கமாக உருட்டினார். “கட்டடம் மட்டுமா, சாமானும் சேத்தாங்கறத அப்பால பாத்துக்கலாம்.”

“இல்லைன்னே இருக்கட்டும்” என்றாள் தேவயானி. “நாலு வருசம் இல்லைன்னுதானே இருந்துது.”

அவள் கேலிக்குச் சொன்னாளா, கெஞ்சினாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. முன்பு அவள் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தான். பதினோரு வருஷம் அந்தக் குரலை மட்டும்தான் அவன் வைத்திருந்தான். அதைக் கொண்டுதான் இந்த வீட்டையே கட்டினான்.

பேனாவை எடுக்கக் கையை நீட்டியவன், அதன் பக்கத்தில் கிடந்த தன் செல்லை எடுத்தான். திரையில் வெளிச்சம் வந்தது. நாலு வருஷமாக அதில் இருப்பது அதே படம்தான். செல் மாற்றியபோதும் முதலில் அந்தப் படத்தைத்தான் மாற்றிக்கொண்டான். அந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே திரையைப் படம் பிடித்தது. தேவயானியின் தலை ஈரம். குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நெற்றியில் முடி ஒட்டியிருக்கும். சிரிக்கிறாள். ஒரு தோள் மட்டும் தாழ்ந்திருக்கும். வெட்கத்தில் சாய்ந்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். அவள் தலைக்கு மேலே தளத்தில் வெளிச்சம் வளைந்து வளைந்து நெளியும், யாரோ தங்க நூலைக் கலைத்துப் போட்ட மாதிரி. மஸ்கட் அறையில் கூட இருந்த பங்காருவிடம் அதைக் காட்டி, எங்க ஊர் வெயில் எப்படி ஆடுது பாரு என்று எத்தனை முறை சொல்லியிருப்பான்.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான். நெளியும் வெளிச்சத்திலிருந்து இறங்கி, அவள் நெற்றி, கண், சிரிப்பு, தாழ்ந்த தோள் என்று வந்தான். தோளோடு படம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே பார்க்க வேண்டும் போலிருந்தது. விரலை வைத்து மேலே தள்ளினான். படம் கொஞ்சம் நகர்ந்து, கீழே ஒரு கறுப்புக் கோடு காட்டி, திரும்பத் தன் இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி தள்ளினான். மறுபடி திரும்பி வந்தது. பரந்தாமன் காத்திருந்தார். அவன் தள்ளிக்கொண்டே இருந்தான்.